அடுப்பருகே ஒரு தொட்டில்

குழந்தைகள் இல்லம், அல்ஜீரியா
22 நவம்பர் 1980

என் நஸீஹா அக்காவுக்கு,

ஸலாம். இறைவன் கருணையால் கை கால் முழுசாக வந்து சேர்ந்துவிட்டேன். நீ, மொங்கி மச்சான், பெண்கள் இரண்டு பேர், உன் வயிற்றில் இருப்பவன் (ஆண்தான், பந்தயம் கட்டுகிறேன்) எல்லோரும் சுகமா? கால் வீக்கம் வற்றியதா?

ஸ்ஃபாக்ஸிலிருந்து கிளம்பியவள் ரயில் மாறி, லாரி மாறி, கடைசியில் மாவு மூட்டைகளுக்கு மேல் உட்கார்ந்து இந்த மலைக்கு ஏறினேன். பூகம்பம் நடந்து ஒன்றரை மாதம் ஆகியும் தரை இன்னும் அடங்கவில்லை. திடீரென்று பால் டின்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். எல்லோரும் அப்படியே நிற்போம். அடங்கியதும் வேலையைத் தொடருவோம். இல்லத்தை நடத்தும் லல்லா வர்தியா மட்டும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. "ஒண்ணுமில்ல, புரண்டு படுக்குது" என்பாள். ஐம்பது வயது இருக்கும், பொடி போடுகிறவள், நாக்கு கத்தி. நான் துனீசியாவிலிருந்து தொண்டு செய்ய வந்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தொண்டு அப்புறம் செய்யலாம்டி துனீசியாக்காரி, மொதல்ல வளையலைக் கழட்டு, குழந்தைக்குக் கீறிடும்" என்றாள்.

உடன் வந்தவர்களைக் கீழே கூடாரங்களுக்கு அனுப்பிவிட்டு என்னைக் கைக்குழந்தைகள் கூடத்தில் போட்டிருக்கிறார்கள். ஏழு வருடமாக மடி காலியாக இருந்தவளுக்கு இப்போது கை ஓய்வதில்லை. விடிந்ததும் தண்ணீர் கொதிக்க வைக்கிறோம், புட்டிகளை வேக வைக்கிறோம், பால்மாவு கரைக்கிறோம். வரிசையின் இந்தக் கோடியிலிருந்து ஊட்டிக்கொண்டே போய் அந்தக் கோடியை எட்டும்போது இங்கே மறுபடி அழுகை ஆரம்பித்துவிடும். துணி துவைப்பதைப் பற்றிக் கேட்காதே. காய்வதற்குள் விறைத்துப் பலகையாகிவிடுகிறது. என் துனீசியப் பேச்சைக் கேட்டு எல்லோரும் சிரிக்கிறார்கள். ஆனால் நீ கொடுத்தனுப்பிய ஹரீஸா மிளகாய் விழுதில் பாதியை அதே ஆட்கள் ஏற்கெனவே தின்றுவிட்டார்கள்.

கூடத்தின் நடுவில் ஒரு விறகடுப்பு. அதை ஒட்டி ஒரே ஒரு தொட்டில். எல்லாரிலும் பலவீனமான பிள்ளையை அங்கே போடுவார்களாம். லல்லா வர்தியா வாயில்தான் முள், மனசு பூ என்று நினைத்துக்கொண்டேன்.

தாஹர் உன் வீட்டுக்கு வந்தாரா? தன்னை விட்டு இங்கே வந்துவிட்ட பெண்டாட்டி மேல் இன்னும் கோபமா? உன் கையை முத்தமிடும்,
தலீலா

ஸ்ஃபாக்ஸ்
15 டிசம்பர் 1980

தங்கச்சி தலீலாவுக்கு,

உனக்கும் அங்கே இருக்கும் எல்லா உயிர்களுக்கும் ஸலாம். இங்கே எல்லோரும் சுகம். முன்பு இருந்ததைவிட ஒரு ஆள் கூட!

பந்தயத்தில் நீதான் ஜெயித்தாய். ஆண்பிள்ளை. என் மாமனார் பெயரையே வைத்தாயிற்று: ஷத்லி. பிறந்ததும் அழவில்லை, முறைத்தான். அப்படியே மொங்கி. ஏழாம் நாளுக்கு எள்ளும் தேனும் வெண்ணெயும் குழைத்த இனிப்பைக் கிண்ணம் கிண்ணமாகக் கொடுத்தோம். உன் பங்கை நானே தின்றுவிட்டேன், வயிற்றெரிச்சல் படாதே. என் மாமியாருக்குக் கால் தரையில் படவில்லை. இரண்டு பெண் பெற்றபோது என்னைக் கண்ணெடுத்துப் பார்க்காத மனுஷி, இப்போது தலையணைக்கு உறை மாற்றிவிடுகிறாள்.

பால் எக்கச்சக்கம். ஷத்லி குடித்தது போக சட்டை நனைகிறது. நான்கு பிள்ளை வளர்க்கலாம்.

உன் வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமை தோறும் வருகிறார். காபி குடிக்கிறார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஆனால் நீ எழுதிய கடிதத்தை அலமாரி மேலே வைத்திருந்தேன், அவர் போனபின் பார்த்தால் அது மடித்த மாதிரி மடிக்காமல் இருக்கிறது. திருட்டுப் பயல்.

காதை மூடிக்கொள், குளிர் காது வழியாகத்தான் புகும்.

ஷத்லியின் தாய்
நஸீஹா
(இப்படிக் கையெழுத்துப் போட எத்தனை வருஷம் காத்திருந்தேன், போட்டுக்கொள்கிறேன், சிரிக்காதே.)

குழந்தைகள் இல்லம்
4 ஜனவரி 1981

ஷத்லியின் தாய்க்கு,

ஆயிரம் ஸலாம், ஆயிரம் வாழ்த்து. கடிதத்தைப் படித்துவிட்டுக் குலவையிட்டேன். எல்லாப் பிள்ளையும் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டன. லல்லா வர்தியா ஈரத்துணியால் அடித்தாள். விஷயம் தெரிந்ததும் அவளும் ஒரு குலவை போட்டாள். எல்லோரும் சுகமாக இருங்கள். நானும் சுகம், கை மட்டும் வெடித்திருக்கிறது.

அக்கா, ஒரு பிள்ளை வந்திருக்கிறான். இடிந்த வீட்டிலிருந்து எடுத்த ஒரு பெண் கூடாரத்தில் அவனைப் பெற்றுவிட்டு, ஒரே வாரத்தில் கண்ணை மூடிவிட்டாள். உறவு என்று சொல்ல யாருமில்லை. லாரிக்காரர் தன் கோட்டுக்குள் வைத்து எடுத்து வந்தார். பெயர்கூட வைக்கவில்லை. லல்லா வர்தியா அவனைப் புரட்டிப் பார்த்து, நேராகப் பார்த்து, "ஜெயிச்சவன்னு பேர் வைப்போம், அப்பவாவது ரோஷம் வரட்டும்" என்று ராபஹ் என்று கூப்பிட்டாள்.

புட்டியை வாங்கமாட்டேன் என்கிறான். ரப்பரை வாயில் வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். ஸ்பூனால் ஊட்டுகிறேன், பாதி கழுத்தில் வழிகிறது. அவன் தேடுவது எதை என்று எனக்குத் தெரியும். என்னிடம் அது இல்லை. என் சட்டையில் வாயை வைத்துத் தேடிவிட்டு ஏமாந்து என்னைப் பார்ப்பான் பார், செத்துவிடலாம் போலிருக்கும்.

மலைக் கிராமத்துத் தாய்மார் யாரையாவது கூப்பிடலாமே என்றேன். லல்லா வர்தியாவுக்கு முகம் மாறிவிட்டது. முன்பு அப்படித்தான் செய்தார்களாம். வந்த பெண்கள் எந்தப் பிள்ளை அழுததோ அதைத் தூக்கிப் பால் கொடுத்துவிட்டுப் போவார்கள். வருஷங்கள் ஓடின. இங்கேயே வளர்ந்த ஒரு பையனுக்கும் ஒரு பெண்ணுக்கும் நிக்காஹ் ஏற்பாடு ஆயிற்று. மருதாணி வைத்தாயிற்று, குஸ்குஸ் அடுப்பில். மலையிலிருந்து ஒரு பெண் சர்க்கரைக் கட்டியோடு வாழ்த்த வந்தாள். இருவரையும் கட்டிக்கொண்டு, "ரெண்டு பேருமே என் பால் குடிச்ச பிள்ளைங்க! இந்த மாரு உனக்கு, இந்த மாரு அவளுக்கு" என்று பெருமையாகச் சொன்னாள். அவ்வளவுதான். பால் அண்ணன், பால் தங்கை. ஒரு வாய் உள்ளே இறங்கினாலே உறவுதானே நமக்கு, அப்புறம் அவர்களுக்குள் நிக்காஹ் செல்லாது. அந்தக் கல்யாணப்பெண் அன்றைக்குக் கிணற்றடிக்குப் போனவள் திரும்பவில்லையாம். அதிலிருந்து, பிள்ளையை எடுத்து வளர்க்கப்போகும் குடும்பத்துப் பெண் தவிர யாரும் இங்கே மாரைத் திறக்கக்கூடாது என்று சட்டம்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். அடுப்பருகே தொட்டில் என்று எழுதினேனே. போன வாரம் ஒரு பெண் குழந்தையை நானே ஆசையாக அங்கே மாற்றினேன். லல்லா வர்தியா என்னைப் பார்த்து, "சரி, இருக்கிற வரைக்கும் சூடாவது கிடைக்கட்டும்" என்றாள். அங்கே போன பிள்ளை எதுவும் திரும்பி வரிசைக்கு வந்ததில்லையாம். அந்தப் பெண்ணும் வரவில்லை.

ராபஹ் இன்னும் ஜன்னல் பக்கம்தான் இருக்கிறான். அவனை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன். சொல்லிவிட்டேன். தாஹரிடம் எப்படிச் சொல்வது?

உன் தலீலா

ஸ்ஃபாக்ஸ்
20 ஜனவரி 1981

தலீலாவுக்கு ஸலாமும் ஒரு குட்டும்.

எல்லோரும் சுகம். மீலாதுக்கு அஸீதா களி கிண்டினோம், அடிப்பிடித்தது, ஆனாலும் தின்று தீர்த்தார்கள். ஷத்லிக்குக் கொஞ்சம் இருமல். இந்த ஈரக்காற்றில் யாருக்குத்தான் இல்லை.

தாஹரிடம் நீ சொல்ல வேண்டாம், நான் சொல்லிவிட்டேன். காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். "பையன் பேரு என்ன?" என்றார். அவ்வளவுதான் பேச்சு. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை வந்தபோது சவரம் செய்திருந்தார்.

இடக்கு உன் மாமியார்தான். "இன்னிக்கு தொட்டில்ல கிடப்பான், நாளைக்கு மீசை முளைக்கும். அன்னிய ஆம்பளை முன்னால என் மருமக முக்காடு போட்டுக்கிட்டே வாழணுமா? வீட்டுக்கு வர்ற பொண்ணுங்களை என்ன பண்றது?" என்று ஆரம்பித்துவிட்டாள். பேசி முடிக்கட்டும் என்று விட்டேன். பிறகு சொன்னேன்: "அத்தை, என்கிட்ட பால் வழியுது. ஒரு வாய் கொடுத்தா அவன் எனக்கு மகன், தலீலாவுக்கு அக்கா மகன். எந்த முக்காடு, எந்த அன்னியன்?" முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்து போனாள்.

சிரிப்புக்குச் சொல்லவில்லை தலீலா. ஷத்லிக்கும் ஒரு தம்பியாகட்டும். ஏற்பாடு செய்.

ஷத்லியின் தாய்
நஸீஹா

குழந்தைகள் இல்லம்
30 ஜனவரி 1981

என் உயிர் அக்காவுக்கு,

உன் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். எல்லோருக்கும் ஸலாம். ஷத்லியின் இருமல் நின்றதா? மார்பில் ஆலிவ் எண்ணெய் சூடாக்கித் தடவு.

லல்லா வர்தியாவிடம் சொன்னேன். டப்பாவைத் தட்டி ஒரு சிட்டிகை பொடி போட்டுக்கொண்டாள். "உங்க அக்கா, உங்க குடும்பம், பிள்ளை உங்க வீட்டுக்கு. அப்ப சட்டம் உடையல. வரச் சொல்லு" என்றாள். ஆனால் நீ இங்கே வர வேண்டும், அக்கா. இந்தக் குளிரில் அவனைத் தூக்கிக்கொண்டு எல்லை தாண்ட முடியாது. காது மடல் வழியே வெளிச்சம் தெரிகிறது, அவ்வளவு மெலிந்துவிட்டான். ஷத்லியையும் தூக்கிக்கொண்டு வா. இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்க்க வேண்டும் எனக்கு.

அவனிடம் தினமும் சொல்கிறேன், பெரியம்மா வருகிறாள் என்று. மச்சான் ஒத்துக்கொள்வார்தானே? சீக்கிரம்.

தலீலா

ஸ்ஃபாக்ஸ்
21 பிப்ரவரி 1981

தலீலாவுக்கு,

ஸலாம். எல்லோரும் சுகம்.

நான் வர முடியாது. பாதை சரியில்லை. கடல் கொந்தளிப்பாக இருக்கிறது, படகுகள் போகவில்லை, மீன் கிடையாது. பெரியவள் ரீமுக்குப் பல் விழுந்தது. சின்னவள் பள்ளிக்கூடத்தில் யாரையோ கடித்து வைத்திருக்கிறாள்.

பால்மாவை இன்னும் தண்ணியாகக் கரைத்துக் கொடுத்துப் பார். வேறு வழி செய்துகொள். என்னை இனி கேட்காதே.

நஸீஹா

குழந்தைகள் இல்லம்
1 மார்ச் 1981

நஸீஹா அக்காவுக்கு,

ஸலாம். எல்லோரும் சுகமென்று எழுதியிருந்தாய், சந்தோஷம்.

கடல் கொந்தளிக்கிறதா? உன்னை யார் நீந்தி வரச் சொன்னது? ரயில் ஓடவில்லையா? மீன் கிடைக்காததற்கும் நீ வராததற்கும் என்ன சம்பந்தம்? மச்சான் தடுத்தாரா? உன் மாமியாரா? இல்லை, வாய் நிறையச் சொல்லிவிட்டு, உன் பாலைப் பிறத்தியான் பிள்ளைக்குக் கொடுக்க மனசு வரவில்லையா? ஷத்லிக்குக் குறைந்துவிடும் என்று பயமா? அதையாவது நேராகச் சொல்லியிருக்கலாம். என் மாமியார் வாயை அடைத்துவிட்டு என்னை நடுத்தெருவில் நிறுத்திவிட்டாயே.

நேற்று ராபஹை அடுப்பருகே மாற்றினார்கள். நான் தொட்டிலைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றேன். லல்லா வர்தியா என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். திட்டக்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது, அவள் இப்போதெல்லாம் என்னைத் திட்டுவதில்லை.

உன் மகன் வயிறு முட்டக் குடித்துவிட்டு உன் தோளில் ஏப்பம் விடுவான். இங்கே ஒருவன் தன் முஷ்டியைச் சப்பிக்கொண்டு கிடக்கிறான். அதில் எதுவும் வரவில்லை என்று அவனுக்கு இன்னும் புரியவில்லை, விடாமல் சப்புகிறான். நீ நன்றாகத் தூங்கு அக்கா.

தலீலா

குழந்தைகள் இல்லம்
12 மார்ச் 1981

அக்கா,

ஸலாம். நீ பதில் போடவில்லை. போன கடிதத்தை எழுதியபோது நான் மனுஷியாக இல்லை. மன்னித்துவிடு. ஷத்லிக்கு என் முத்தம், அவன்மேல் எனக்கு என்ன கோபம்.

தாஹரிடமிருந்து கடிதம் வந்தது. கல்யாணமான நாளிலிருந்து எனக்கு அவர் எழுதும் முதல் கடிதம். ஒரே ஒரு வரிதான்: "உன் அக்காவிடம் எதுவும் கேட்காதே." ஏன் என்று இல்லை. எழுதி எழுதி அடித்த தடம் மட்டும் நிறைய இருக்கிறது. நீ எழுதிய கடைசிக் கடிதத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன். பல் விழுந்ததை எழுதியிருக்கிறாய், கடித்ததை எழுதியிருக்கிறாய். அதில் இல்லாதது என்ன என்று நேற்றுத்தான் என் மண்டைக்கு உறைத்தது. நான் நினைப்பது இல்லை என்று எழுது. அது மட்டும் போதும்.

ராபஹ் முஷ்டியைச் சப்புவதை நிறுத்திவிட்டான். தரை மறுபடி அசைந்தது, எல்லாப் பிள்ளையும் அழுதன. அவன் அழவில்லை. லல்லா வர்தியா அவனுக்கு வெள்ளைத்துணி ஒன்று துவைத்து மடித்து வைத்திருக்கிறாள். எதற்கென்று நான் கேட்கவில்லை.

தலீலா

ஸ்ஃபாக்ஸ்
15 மார்ச் 1981

தலீலா,

ஸலாம். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதியது பொய்.

இருமல் நெஞ்சில் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் பார்க்காத பார்வை இல்லை. பிப்ரவரி முதல் வாரம் போய்விட்டான். ஷத்லியையும் தூக்கிக்கொண்டு வா என்று நீ எழுதிய கடிதம் வந்தபோது வீட்டில் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தார்கள். தபால்காரர் வாசலில் செருப்புகளைப் பார்த்துவிட்டு, கடிதத்தை அந்தச் செருப்புகளுக்கு மேலேயே வைத்துவிட்டுப் போனார். உனக்குச் சொல்லக்கூடாது என்று நான்தான் எல்லோரிடமும் சத்தியம் வாங்கினேன். அங்கே அத்தனை பிள்ளைகளுக்கு நடுவில் இதையும் எப்படிச் சுமப்பாய்? அப்படித்தான் எல்லோரிடமும் சொன்னேன். நிஜம் வேறு. எழுதிவிட்டால் நடந்தது உண்மையாகிவிடும். இப்போதும் அவன் பெயரை எழுதக் கை வரவில்லை, நீயே பார். வாயாலும் அதற்கப்புறம் சொன்னதில்லை.

என் மாமியார் பால் வற்றட்டும் என்று மார்பை இறுக்கிக் கட்டினாள். கஷாயம் கொடுத்தாள். அவளும் அழுதுகொண்டேதான் கட்டினாள், பாவம். நான் ஹம்மாமுக்குக் குளிக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, அங்கே மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கட்டை அவிழ்த்துப் பிழிந்துவிடுவேன். வீட்டில் எலுமிச்சை மரத்தடியில் பிழிந்தேன். அது வற்றிவிட்டால் அவன் வந்துபோனதற்கு என் உடம்பில் எதுவும் மிச்சமில்லை. பைத்தியம் பிடித்துவிட்டது என்று மொங்கி நினைத்திருப்பார். கேட்கவில்லை.

நேற்று உன் கடிதம் வந்தது. என் மகன் வயிறு முட்டக் குடித்துவிட்டு ஏப்பம் விடுகிறான் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் உன்னை வாயில் வந்தபடியெல்லாம் சபித்தேன். நன்றாகவே சபித்தேன், தெரிந்துகொள். அடுத்த வரிக்குப் போனேன். ஒருவன் தன் முஷ்டியைச் சப்பிக்கொண்டு கிடக்கிறான் என்ற வரி. அந்த வரியில் பால் இறங்கிவிட்டது, தலீலா. கட்டியிருந்த துணியைத் தாண்டி, சட்டையைத் தாண்டி, உன் கடிதத்தின் மேல் சொட்டியது. இத்தனை நாள் நானாகப் பிழிந்தால்தான் வரும். நேற்று யாரும் கேட்காமல் தானாக வந்தது. என் மனசுதான் வரமாட்டேன் என்றது. உடம்பு உன் ராபஹிடம் எப்போதோ கிளம்பிவிட்டது.

மொங்கியிடம் கடிதத்தைக் காட்டினேன். நனைந்த இடத்தைப் பார்த்தார். அவரே போய்ப் பரண்மேல் இருந்த பெட்டியை இறக்கினார். என் மாமியார், "பெத்த வயிறு ஆறல, அதுக்குள்ள எவன் பிள்ளைக்கோ..." என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. கொஞ்சம் கழித்து உள்ளே போய் எள்ளுருண்டை கட்டிக் கொண்டுவந்தாள். "வழியில சாப்பிடு, பால் நிக்கும்" என்றாள்.

வியாழக்கிழமை ரயில். இந்தக் கடிதம் எனக்கு முந்தி வருகிறதோ பிந்தி வருகிறதோ. அவனை இருக்கச் சொல்.

நஸீஹா

ஸ்ஃபாக்ஸ்
2 ஏப்ரல் 1981

அங்கே என் இடத்தில் இருக்கும் அக்காவுக்கு,

ஸலாம். இங்கே உன் இடத்தில் நான். பெண்கள் சுகம். ரீமுக்குச் சடை பின்னினால், "அம்மா இப்படிப் பின்னமாட்டாங்க" என்று அவிழ்த்துவிடுகிறாள். மச்சான் சுகம். உன் மாமியார் என்னைச் சமையலறைப் பக்கமே விடுவதில்லை, அதுவும் சுகம்தான்.

ராபஹை எடுத்து வளர்க்கும் பத்திரத்தில் தாஹர் கையெழுத்துப் போட்டுவிட்டார். நான் விளக்கி முடிப்பதற்குள் பேனாவைக் கேட்டார். என் மாமியார் தொட்டில் கட்டக் கொக்கியைத் தேடிக்கொண்டிருக்கிறாள், யாரிடமும் சொல்லாமல்.

கபர்ஸ்தானுக்குப் போனேன் அக்கா. அவ்வளவு சின்ன மேடு. பறவைகளுக்கென்று தலைமாட்டில் வைத்த கிண்ணம் காய்ந்து கிடந்தது. தண்ணீர் ஊற்றினேன். மன்னிப்புக் கேட்டேன், உன்னிடம் கேட்க வேண்டியதை அவனிடம் கேட்டேன். நீ ரயிலிலிருந்து இறங்கி வந்தபோது நான் உன் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். நீ என்னைத் தாண்டி நேராக அடுப்பருகே போனாய். அந்தக் கணத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

ஆனால் அவன் உன் பக்கம் திரும்பக்கூட இல்லையே. மார்பில் வாயை வைத்தும் இழுக்கத் தெம்பில்லை. நீ கரண்டியில் பிழிந்து ஊற்றினாய். "கரண்டில குடிச்சாலும் அது தாய்ப்பால்தான், உறவு ஆயிடுச்சு" என்றாள் லல்லா வர்தியா. நான் கிளம்பிய காலையிலும் அப்படியேதான் கிடந்தான். உறவு ஆகிவிட்டது, உயிர்தான் பாக்கி. பத்திரம் முத்திரை வாங்கிக்கொண்டு அடுத்த ரயிலில் ஏறிவிடுவேன். அவன் எப்படி இருந்தாலும் எழுது. மறைக்காதே. இனி நமக்குள் மறைப்பது வேண்டாம்.

தலீலா

குழந்தைகள் இல்லம்
12 ஏப்ரல் 1981

தலீலாவுக்கு,

ஸலாம். எல்லோரும் சுகமா என்று நீ கேட்பாய். மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு உடம்பெல்லாம் வலி, தோளில் வாந்தி, மார்க்காம்பில் கடி. கடித்தது உன் மகன்.

நீ போன பிறகும் அப்படியேதான் கிடந்தான். கரண்டி கரண்டியாக ஊற்றினேன். லல்லா வர்தியா மடித்து வைத்த அந்தத் துணி எதிரிலேயே இருந்தது. ஒருநாள் தரை நன்றாகவே ஆடியது. டின்கள் உருண்டன, அடுப்பிலிருந்து கனல் சிதறியது. நான் எதையும் யோசிக்காமல் அவனைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு வெளியே ஓடினேன். பயத்தில் எனக்குப் பால் பீறிட்டது, அவனுக்குத் தொண்டையில் சிக்கி இருமினான். இருமல் சத்தம் கேட்டதும் எனக்கு உயிரே போய்விட்டது, உனக்குத் தெரியும் ஏன் என்று. அவன் இருமி முடித்தான். அழுதான். அழுதுவிட்டு, கோபமாக, இவ்வளவு நாள் எங்கே போயிருந்தாய் என்று கேட்பது மாதிரி வாயை வைத்து இழுத்தான் பார்! முற்றத்தில் மண்ணில் உட்கார்ந்து நானும் ஓவென்று அழுதேன். பெற்றவனுக்கு அழ வேண்டியதையும் சேர்த்து அழுதேன்.

முந்தாநாள் அவன் தொட்டிலை அடுப்பருகிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஜன்னல் பக்கம், குளிரில், மற்ற தடியன்களோடு கிடக்கிறான். அங்கே போட்டதும் ஊரைக் கூட்டிக் கத்தினான். லல்லா வர்தியா, "கத்துடா, கத்து, ஜெயிச்சவனே" என்று சொல்லிக்கொண்டே அந்த வெள்ளைத்துணியைக் கிழித்து மூக்குத் துடைக்கும் துண்டாக்கினாள்.

இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி.

அந்த இடம் ஒரு பகல்கூடக் காலியாக இருக்கவில்லை. தாவுஸ் என்று ஒரு பெண் குழந்தை, வரிசையின் கடைசியில் சத்தமில்லாமல் கிடந்தவள், அவளைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். நான் ராபஹுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவள் தலையைத் திருப்பி என்னையே பார்த்தாள். அழவில்லை. எனக்கு மார்பு இரண்டு, தலீலா. அதற்குமேல் நான் எதுவும் யோசிக்கவில்லை. போய் எடுத்து மாரில் போட்டுவிட்டேன்.

லல்லா வர்தியா வாசலில் நின்று பார்த்தாள். சட்டம் உடைந்தது. கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். "துனீசியாக்காரி, உங்க வீட்ல எத்தனை பிள்ளைக்கு இடம் இருக்கு?" என்றாள். "தங்கச்சிகிட்ட கேட்கணும்" என்றேன். "பால் இறங்கினப்புறம் கேட்கிறதா? ரெண்டு பேருக்கும் நிக்காஹ் வர்ற அன்னிக்கு இன்னொருத்தி சர்க்கரைக் கட்டியோட வந்து நிக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டு எல்லோரையும் கூடத்துக்குக் கூப்பிட்டாள். சமையல்காரி, காவல்காரர், துவைக்கிற பெண்கள், மாவு கொண்டுவந்த லாரிக்காரர்கூட வந்தார். "எல்லாரும் கேட்டுக்கோங்க, நாளைக்கு யாரும் தெரியாதுன்னு சொல்லக்கூடாது. இந்த ராபஹும் இந்த தாவுஸும் இன்னியிலிருந்து அண்ணன் தங்கச்சி" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "உன் பாலைக் குடிச்ச மத்த பிள்ளைங்க பேரையும் சொல்லு. அதுங்களும் இவங்களுக்குக் கூடப்பிறந்ததுங்கதான். எல்லாரும் கேட்கிற மாதிரி சொல்லு."

ரீம் பெயரைச் சொன்னேன். சின்னவள் பெயரைச் சொன்னேன். அங்கேயே நின்றுவிட்டேன். யாரும் அவசரப்படுத்தவில்லை. தாவுஸ் இழுத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு அவன் பெயரையும் சொன்னேன். கூடம் முழுவதும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னேன்.

தாஹரிடம் பேனாவை மறுபடி கொடு, இன்னொரு கையெழுத்து வேண்டும். உன் மாமியாரிடம் கொக்கி இரண்டு தேடச் சொல். கபர்ஸ்தானில் கிண்ணம் காயாமல் பார்த்துக்கொள்.

ஷத்லியின் தாய்
நஸீஹா